முல்லைப் பெரியாற்றுப் படுகையின் வளர்ப்பு மீன்கள்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் வண்ண மீன்களையும் நீர்ச்செடிகளையும் வளர்ப்பது தேனி மாவட்டத்தில் அண்மைக் காலத்தில் பரவிய வழக்கமே ஆகும். ஆனால் உயிருள்ள மீனை நீரோடு எடுத்துவந்து, ஏதோ ஒரு தேவைக்காகத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் செயலையே மீன் வளர்ப்பு எனக் கொண்டால், கம்பம் பள்ளத்தாக்கில் அதன் வரலாறு கண்ணாடிக்கு வெகு முன்னரே, கிணற்றிலும் மண்பானையிலும் தொடங்கிவிட்டது எனலாம். இந்த நீண்ட வரலாற்றில் விளக்கம் வேண்டி நிற்பது ஒன்று உண்டு: பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பை ஒட்டிய மலை ஆறுகளின் மீன்கள் ஐரோப்பிய, ஆசிய நகரங்களின் தொட்டிகளுக்குச் சென்றிருக்க, பள்ளத்தாக்கின் தொட்டிகளில் தென் அமெரிக்காவையும் சயாமையும் சீனத்தையும் தாயகமாகக் கொண்ட மீன்களே குடியேறியுள்ளன. இதனை உள்ளூர் மக்களின் அயல்மோகம் என்று எளிதாகக் கூறிவிடுவது வழக்கம். மீனின் உடலமைப்பு, நீரின் தன்மை, வணிகம் சென்ற வழி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கூற்று போதாது என்பது தெளிவாகும்.

ஏலமலைத் தொடருக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைத் தாங்கி வடகிழக்காக நீளும் இப்பள்ளத்தாக்கு, தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலைமுகடே தடுத்துவிடும் மழைமறைவுப் பகுதியாகும். சுருளியாறும் வைரவனாறும் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் ஒடுங்கும் இயல்புடையவை; ஆகவே பழைய நாளில் மீன் என்பது புதுத்தண்ணீரோடு வந்து, கண்மாய் வற்றும்போது கைக்கு எட்டும் பருவப் பொருளாகவே இருந்தது. நீர் வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி, மூங்கிலால் பின்னிய ஊத்தாவைக் கவிழ்த்து மீன் பிடிக்கும் மீன்பிடித் திருவிழா மதுரை வட்டாரம் முழுவதற்கும் பொதுவானது. பிடிபட்ட மீனில் ஒரு பகுதி அன்றே குழம்பாகும். எஞ்சியதை உயிரோடு காப்பாற்ற வேண்டிய தேவையிலிருந்தே கிணற்றில் மீன் விடும் வழக்கம் தோன்றியிருக்கக்கூடும். கிணற்று மீன் பூச்சிகளையும் கொசுப்புழுக்களையும் தின்று நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்துகொண்டது.

கிணற்றுக்கும் பானைக்கும் எந்த மீன் ஏற்றது என்பதை முடிவு செய்தது மனிதரின் விருப்பத்தைவிட மீனின் மூச்சுறுப்பே ஆகும். விரால், பனையேறிக் கெண்டை, தேளி போன்றவை செவுள்களால் நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், அவ்வப்போது நீர்ப்பரப்புக்கு வந்து நேரடியாகக் காற்றையும் விழுங்கும் துணைச் சுவாச உறுப்பைப் பெற்றவை. ஆதலால் கலங்கிய, காற்றோட்டமற்ற, சிறிதளவு நீரிலும் அவை பிழைத்துக்கொள்ளும். தரங்கம்பாடியில் டேனிஷ் அரசின் பணியிலிருந்த டால்டோர்ஃப் என்பவர் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீன் ஒன்றைப் பிடித்ததாக எழுதியனுப்பிய குறிப்பு 1797இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. மீன் மரமேறும் திறனைப் பற்றிப் பின்னர் பலர் ஐயம் எழுப்பினாலும், அது நீருக்கு வெளியே நெடுநேரம் உயிர் வாழும் என்பதை எவரும் மறுக்கவில்லை. குடத்தில் சுமந்து சென்று கிணற்றில் விடத்தக்க மீன்கள் இவைதாம். இதற்கு மாறாக மலை ஓடைகளின் மீன்கள், பாறைகளில் மோதிப் புரண்டு வரும் குளிர்ந்த நீரில் நிறைந்துள்ள ஆக்சிஜனுக்குப் பழகியவை. அவற்றைப் பானையில் இட்டால் ஊர் வந்து சேருமுன் மாண்டுவிடும். இந்த வேறுபாடு பிற்காலத்தில் கண்ணாடித் தொட்டியின் வரலாற்றையும் தீர்மானித்தது.

சில மணி நேரமே ஆயினும், மதுரை, தேனி வட்டாரத்து வீடுகளுக்குள் உயிரோடு வைக்கப்பட்ட மீன்களுள் முதன்மையானது அயிரை ஆகும். விரல் நீளம்கூட இல்லாத இந்த மணல்வாழ் மீன் சங்கப் பாடல்களில் நாரையின் இரையாகப் பேசப்படுவது. விலங்கியலாருக்கோ அது லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ், அதாவது திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1846இல் பிரெஞ்சு அறிஞர் வாலென்சியென் விவரித்த இனம். அயிரையைச் சந்தையில் உயிரோடு நீரில் வைத்தே விற்பர். வாங்கிச் சென்றவர்கள் சமைக்குமுன் அதைப் பாலில் நீந்தவிட்டு, வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கவைப்பர். இதே மீனை மேலைநாட்டு வளர்ப்பாளர்கள் தொட்டியின் அடிமணலைக் கிளறித் தூய்மை செய்யும் பயனுள்ள உயிராக விலை கொடுத்து வாங்குகின்றனர் என்பதைக் குழம்பு வைப்போர் அறிந்தால் நகைப்பர்.

செடிகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இன்றைய தொட்டிச் செடிகளுள் பெருமதிப்புப் பெற்ற அப்போனோஜெட்டான் என்னும் பேரினத்தைச் சேர்ந்ததே தமிழகக் குளங்களில் வளரும் கொட்டி. குளம் வற்றினாலும் பறவைகளைப்போல் நீங்காமல் கிழங்காக மண்ணுக்குள் உறைந்து கிடப்பதால், ஔவையாரின் மூதுரையில் உண்மை உறவுக்கு உவமையாக ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்துக் கூறப்பட்டது. நெல்வயலில் பெண்கள் குனிந்து பிடுங்கி வரப்பில் எறியும் களைகளுள் ரோட்டாலா, அம்மானியா, லிம்னோஃபிலா ஆகிய பேரினங்களைச் சேர்ந்தவை பல உள்ளன. இந்தப் பெயர்கள் அனைத்தும் இன்று தொட்டிச் செடி விற்பவரின் விலைப்பட்டியலில் காணப்படுவனவே. வேலம்பாசியின் கதை சற்று வேறானது. புனலைக் கவிழ்த்து, அதன்மேல் நீர் நிரம்பிய சோதனைக் குழாயைப் பொருத்தி, ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் குமிழிகள் எழுவதைக் காட்டும் பள்ளிச் சோதனைக்காக அது கண்மாயிலிருந்து வகுப்பறைக்கு வந்தது. நீர்ச்செடியைக் கண்ணாடிக்குள் வைத்து உற்றுநோக்கும் பழக்கத்தைப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் பலருக்கு முதலில் தந்தது வணிகமன்று, அரசுப் பாடத்திட்டமே என்று கூறுவது மிகையாகாது.

பள்ளத்தாக்கின் நீர்நிலை அடியோடு மாறியது 1895இல் ஆகும். திருவிதாங்கூர் அரசோடு 1886இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 1887இல் தொடங்கப்பட்டு, பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் தலைமையில் கட்டப்பட்ட பெரியாறு அணை, அரபிக்கடல் நோக்கிப் பாய்ந்த ஆற்றைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. அதன் பயனாகக் கம்பம் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 14,700 ஏக்கர் நிலம் இருபோக நெல்வயலாயிற்று. வாய்க்காலும் வயலும் ஆண்டின் பெரும்பகுதி நனைந்திருந்தன. கெண்டைக் குஞ்சும் நத்தையும் தவளையும் முன்பில்லாத அளவில் பெருக இடம் ஏற்பட்டது. அணையின் மறுபுறத்திலோ, காட்டு ஆறு ஒன்று தேக்கடியின் அசையா ஏரியாக, அதாவது பெரியாற்று ஏரியாக, மாறியது. பாசன வரலாற்றை எழுதியோர் இந்த ஏரியை நீரின் கொள்கலனாக மட்டுமே கண்டனர். அது மீன்களின் வாழிடத்தையே மாற்றி அமைத்தது என்பது பேசப்படாமலே போயிற்று.

அந்த மலைப்பகுதியின் மீன்களைப் பற்றிய அறிவு அணைக்கு முன்பே உருவாகத் தொடங்கியிருந்தது. மருத்துவரான தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் 1849இல் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றிச் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் எழுதினார். மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளில் உடல்மீது கரும்பட்டைகளோடு திரியும் சிறு கெண்டை அவரால் விவரிக்கப்பட்டவற்றுள் ஒன்று. சென்னைப் படையின் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1865இல் திருவிதாங்கூர் மலைப்பகுதியின் முண்டக்கயத்தில் கிடைத்த ஒரு மீனுக்கு அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். செந்நிறக் கோடும் அதன்கீழே கருங்கோடும் ஓடும் அந்த மீன் பின்னாளில் மிஸ் கேரளா என்ற வணிகப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சேர்ந்த பி. சுந்தரராஜ் 1941இல் பெரியாற்று ஏரியிலிருந்து லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்ற மீனை ஒரு புதிய பேரினமாகவே அறிவித்தார். இமயமலைக் குளிராறுகளின் மீன்களோடு உறவுடையதாக அவர் கருதிய அந்த இனம், உலகில் பெரியாற்றின் மேற்பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லை. கிராசோகைலஸ் பெரியாரென்சிஸ் 1996இலும், காரா பெரியாரென்சிஸ் 2001இலும் அறிவியல் பெயர் பெற்றன. இவ்வாறு ஓர் இடத்துக்கே உரியவையாய் வேறெங்கும் காணப்படாத இனங்களை ஓரிட வாழ்விகள் என்பர். கம்பத்தின் வயலுக்கு வரும் நீர் இத்தகைய மீன்கள் வாழும் காட்டிலிருந்து இறங்குகிறது என்ற செய்தி, அந்த வயலில் மீன் பிடிப்போர்க்கு எவ்வகையிலும் எட்டவில்லை.

அயல் மீன்கள் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது அழகின் பெயராலன்று, கொசுவின் பெயரால் ஆகும். பெரியாறு அணை கட்டப்பட்ட காலத்தில் மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர் பலரின் உயிரைக் குடித்தது. பாசனம் பெருகிய இடங்களில் தேங்கிய நீர் கொசுவுக்கு இடமளித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாண மீன்வளத் துறை கிணறுகளிலும் குளங்களிலும் கொசுப்புழு தின்னும் மீன்களை விடுவதில் அக்கறை காட்டியது. நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்ப்பரப்பிலேயே நீந்தும் அப்லோகைலஸ் என்னும் உள்நாட்டு மீன் இப்பணிக்கு மிகப் பொருத்தமானது. எனினும் அரசின் கவனம் விரைவில் வெளிநாட்டு மீன்கள்பால் சென்றது. தென் அமெரிக்கக் கப்பி அந்த நூற்றாண்டின் முதற்பகுதியில் இந்தியா வந்தது; வட அமெரிக்காவைச் சேர்ந்த கம்பூசியா 1928இல் இத்தாலியிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டது. இவை முட்டையிடாமல் உயிருள்ள குஞ்சுகளையே ஈனுபவை. எனவே முட்டையைப் பிற மீன்கள் தின்றுவிடும் இழப்பின்றி, சில மாதங்களில் ஒரு கிணற்றை நிறைத்துவிடும். கொசு ஒழிப்புக்காக உள்ளாட்சி அமைப்புகள் இவற்றைக் கிணறுகளில் விடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. சாக்கடையோரம் வாலில் வண்ணம் காட்டி நெளியும் கப்பியே சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் பாட்டிலில் பிடித்து வைத்த முதல் வண்ண மீன் என்பதால், வணிக மீன் வளர்ப்புக்கு வழி திறந்தது சுகாதாரத் துறையே என்று கருத இடமுண்டு.

கண்ணாடித் தொட்டியின் உலக வரலாறு இங்குச் சுருக்கமாகக் கூறத்தக்கது. மீன் வெளியேற்றும் கழிவைச் செடியும், செடி தரும் ஆக்சிஜனை மீனும் பயன்படுத்திக்கொள்ளும் சமநிலையை இங்கிலாந்தின் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850ஆம் ஆண்டையொட்டி நிறுவிக் காட்டினார்; இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853இல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் சென்னை மெரினா கடற்கரையில், அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியோடு தொடர்புற்று, 1909 அக்டோபரில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. இவை காண்பதற்குரிய இடங்கள், வீட்டு வழக்கத்தை உருவாக்கியவை அல்ல. தமிழகத்தில் வீட்டுத் தொட்டியைப் பரவலாக்கியது, சென்னை கொளத்தூரில் கொல்லைப்புறச் சிமெண்டுத் தொட்டிகளில் குடும்பம் குடும்பமாக மீன் பெருக்கத் தொடங்கியவர்களின் உழைப்பாகும். அங்கிருந்து வண்ண மீன் வளர்ப்பு பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, மதுரை எனப் பரவியது. நெகிழிப் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய பகுதியில் ஆக்சிஜனும் நிரப்பி இறுகக் கட்டும் முறை வந்தபின், ஓரிரவுப் பேருந்துப் பயணத்தைத் தாங்கும் எந்த மீனும் தேனி, போடி, கம்பம் கடைத்தெருக்களுக்கு வந்து சேர முடிந்தது.

அவ்வாறு வந்தவற்றுள் எவை நிலைத்தன என்பதைத் தீர்மானித்ததில் பள்ளத்தாக்கின் நீருக்குப் பெரும்பங்கு உண்டு. மலைக்காட்டு ஓடைநீர் கனிமம் குறைந்த மென்னீர். வீடுகளில் பயன்படும் ஆழ்துளைக் கிணற்று நீரோ பாறைகளிலிருந்து கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடின நீர். கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய குஞ்சு ஈனும் மீன்கள் இயல்பிலேயே கடின நீரை விரும்புவதால், கவனக்குறைவான வளர்ப்பிலும் பெருகின. ஃபைட்டர் எனப்படும் சயாம் நாட்டு மீன், விராலையும் பனையேறியையும்போல் காற்றை விழுங்கி வாழ்வதால், ஊறுகாய்ச் சாடி அளவு நீரிலும் விற்கப்பட்டது. பானையில் விராலைக் காத்த அதே உடலமைப்பே ஃபைட்டரைக் கடை அலமாரியில் காத்தது. தங்கமீன் இவற்றுக்கு நேர்மாறானது. அது மிகுதியாகக் கழிவு வெளியேற்றும். அந்தக் கழிவின் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். பெருங்கிணற்றில் நீரின் அளவும் பாசியும் இக்குறையை மறைத்துவிட்டன. வட்டக் கண்ணாடிக் குடுவையில் மறைக்க வழியில்லை. வாங்கிய ஒரு வாரத்தில் தங்கமீன் இறப்பதைக் கண்ணேறு என்றும், வீட்டுக்கு வரவிருந்த தீங்கை மீன் தாங்கிக்கொண்டது என்றும் விளக்கும் வழக்கம் இதனால் வேரூன்றியது. வாஸ்து மீன் என்ற பெயரில் அரோவானாவும், மலேசிய, தைவான் பண்ணைகளில் 1990களில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட ஃபிளவர்ஹார்னும் பெரும் விலைக்கு விற்றதற்கும் இந்த நம்பிக்கையே நிலம் பண்படுத்திக் கொடுத்தது.

செடி வளர்ப்பையே முதன்மையாகக் கொண்ட தொட்டிகள் தமிழகத்துக்குப் பிந்தியே வந்தன. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தக்காஷி அமானோ 1990களில் தம் நூல்களால் பரப்பிய இக்கலையில், பாசியைத் தின்று கண்ணாடியைத் துடைக்கும் சிற்றிறால்களும் இன்றியமையாதவை ஆயின. தைவானியப் பண்ணையாளர்கள் செந்நிறமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த செர்ரி இறால் அதன்பின் எங்கும் பரவியது. அதன் நெருங்கிய உறவான காரிடினா இறால்கள் நம் ஓடைகளிலும் வாழ்கின்றன. நிறமற்ற அவற்றை விலைக்கு வாங்குவோர் இல்லை. நத்தைகளின் கதை இதற்கு எதிரானது. 1830களிலேயே அறிவியல் பெயர் பெற்ற இந்தியத் தட்டைச்சுருள் நத்தை, விலையின்றியே செடிகளில் ஒட்டிய முட்டைகள் வழியாகத் தொட்டிகளுக்குள் நுழைந்து, வளர்ப்பாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பெருகிவிடுகிறது.

மலைமீன்கள் வெளியே சென்ற வழியில் டெனிசன் மீனே முன்னோடி. சிங்கப்பூரில் 1997இல் நடந்த அக்வாராமா கண்காட்சியில் புதிய இனங்களுக்கான பிரிவில் அது மூன்றாம் இடம் பெற்றபின், கேரள ஆறுகளில் அதனைப் பிடிப்பது பெருகியது. 2005க்கும் 2012க்கும் இடையே அழிவுநிலையை நெருங்கிய 30 நன்னீர் இனங்களைச் சேர்ந்த 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானதாகக் கேரள ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2013இல் கணக்கிட்டுக் காட்டியது. அவற்றுள் டெனிசன் மீனின் பங்கு பெரிது. குளிர்ந்த ஓட்டநீர், வலிய நீரேற்றி, நீண்ட தொட்டி ஆகியவற்றைத் தரவல்ல செல்வம் படைத்த வளர்ப்பாளர்க்கே அது உரியது. கம்பத்தின் கோடையில், மின்தடையின்போது, அது முதலில் மடியும் மீனாகும். ஆகவே அருகில் வாழும் மீன் அருகிலுள்ள தொட்டிக்கு வராததில் புதிர் ஏதுமில்லை. காட்டுச் சட்டத்தின் தடை வேறு அதற்கு வேலியாக நின்றது.

வெளியிலிருந்து வந்தவை தொட்டிக்குள்ளும் பண்ணைக்குள்ளும் அடங்கி நிற்கவில்லை. ஒருகாலத்தில் அழகுச் செடியாக வங்கத்துக்குள் புகுந்த ஆகாயத்தாமரை இன்று வைகையையும் கண்மாய்களையும் மூடுகிறது. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலாப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற பெயரோடு, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையிலும் பிற நீர்த்தேக்கங்களிலும் நிலைபெற்றது. கண்ணாடியைத் துடைக்க வாங்கப்பட்டு, தொட்டிக்கு மீறி வளர்ந்தபின் குளத்தில் விடப்பட்ட சக்கர் மீன் தமிழக ஏரிகள் பலவற்றில் இனம் பெருக்குகிறது. மத்திய அரசு 2000இல் தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, காப்பகமாகிய பெரியாற்று ஏரிக்குள்ளும் காணப்பட்டுள்ளது. அங்கு முன்பே குடியேறிவிட்ட சாதாக் கெண்டையும் திலாப்பியாவும் தேங்கிய நீரில் செழிக்க, லெபிடோபைகாப்சிஸ் போன்ற ஓட்டநீர் மீன்கள் ஏரியில் வந்து விழும் மேற்பகுதி ஓடைகளுக்குள் ஒதுங்கியுள்ளன. ஏரியில் மீன்பிடிக்க உரிமை பெற்ற மன்னான், பளியர் பழங்குடியினரின் வலையில் விழுவதில் பெரும்பங்கு இந்த அயல் மீன்களே என்பதால், அவற்றை ஒழிக்க வேண்டும் என்னும் உயிரியலாரின் கோரிக்கை அம்மக்களின் அன்றாட வருவாயைத் தொடாமல் நிறைவேற இயலாததாக இருக்கிறது.